பல் முளைக்கும் குழந்தையின் கட்டில் சட்டத்துக்குத் துணி உறை: அளவெடுப்பது முதல் துவைப்பது வரை

ஒரு நாள் விடியற்காலையில் எலி கொறிப்பது மாதிரி ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் ஒன்பது மாத மகள் கட்டிலின் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே முளைத்திருந்த இரண்டு பல்லாலும் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். உதட்டோரத்தில் கடுகளவு வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுச் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டிரண்டாகப் பள்ளங்கள், நகம் பதிந்த தடம் போல, ஒரு சாண் நீளத்துக்கு. பல நாளாகவே இந்த வேலை நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் முன்பற்கள் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் வருகின்றன, மேல் முன்பற்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள். குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுவதும் இதே சமயத்தில்தான். நின்றால் கட்டிலின் மேல்சட்டம் சரியாக வாய்க்கு நேரே வருகிறது. ஈறு குறுகுறுக்கும்போது கடிக்க வாகாக ஒரு மரம் எதிரே இருந்தால் குழந்தை கடிக்கத்தான் செய்யும். அதட்டிப் பயனில்லை, சட்டத்தை மூடுவதுதான் வழி.

நான் மூன்று உறை தைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் குறை இருந்தது, மூன்றாவது நிலைத்தது. சட்டத்தோடு ஒட்டி இறுக்கமாக, நகராமல் இருக்க வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் பட்டனோ நாடாவோ கட்டிலின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால்தான் உறை பயன்படும். தளர்ந்து தொங்கும் துணி கட்டிலில் இருப்பதைவிடப் பல் தடம் பதிந்த மரமே மேல். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் கட்டிலைப் பாருங்கள்

துணி எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கட்டிலோடு செலவழியுங்கள். திருகாணிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா, செங்குத்துக் குச்சிகளில் எதுவும் ஆடுகிறதா, குச்சிகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 6 செ.மீ. என்பது அமெரிக்காவில் கட்டில்களுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பெயின்ட் விஷயம் இன்னும் முக்கியம். பரம்பரையாக வந்த பழைய கட்டில், யாரோ பாசத்தோடு கொடுத்த கட்டில் என்றால் அதில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான ஈயப் பெயின்ட்டை 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய கட்டிலானாலும் சரி, எப்போது என்ன பெயின்ட் அடித்தார்கள் என்று தெரியாத கட்டிலானாலும் சரி, உறை போட்டு மறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குழந்தையின் எச்சில் துணியை நனைத்து மரம் வரை போய்விடும். அந்தக் கட்டிலைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் சரி.

பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைக் கட்டில் என்றாலும் இந்த உறை வேண்டாம். துணி அந்தத் தாழ்ப்பாளில் சிக்கும். அந்த வகைக் கட்டிலையே அமெரிக்காவில் 2011-இலிருந்து விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சட்டம் கழன்று, அந்த இடுக்கில் குழந்தைகள் சிக்கி உயிரிழந்ததுதான் காரணம்.

குச்சிகளே இல்லாமல் முழுப் பலகையாக இருக்கும் பக்கத்துக்கும் இது பொருந்தாது. உறையைப் பிடித்துவைக்கும் துணிப் பட்டையை நுழைத்து வெளியே எடுக்க இடைவெளி வேண்டும்.

இது பம்பர் அல்ல

கட்டிலின் உள்பக்கத்தைச் சுற்றிலும் மெத்தை மாதிரி கட்டுவார்களே, அந்த பம்பர் வேறு, இது வேறு. பம்பர் குழந்தை படுத்திருக்கும் மட்டத்தில், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை அதில் முகம் புதைத்து மூச்சுத் திணறும் ஆபத்து உள்ளதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அதை வேண்டாம் என்கிறது. 2022-இல் அமெரிக்கா சட்டம் போட்டே பஞ்சு வைத்த பம்பரைத் தடை செய்தது.

நாம் தைப்பது மேல்சட்டத்தை மட்டும் மூடும் உறை. ஆனால் உள்பக்கம் நீளமாகத் தொங்கவிட்டால் இதுவும் பம்பருக்குப் பக்கத்தில் போய்விடும். அதனால் நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை: உள்பக்கத் துணி சட்டத்தின் அடி விளிம்போடு முடிய வேண்டும், அதற்குக் கீழே ஒரு விரற்கடைகூட இறங்கக் கூடாது. குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிய பிறகுதான் உறை. நிற்கத் தொடங்கினால் மெத்தை கட்டிலின் மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும், ஆகவே படுத்திருக்கும் குழந்தையின் முகத்துக்கும் உறைக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கும். மெத்தை இன்னும் மேலேயே இருக்கிறது என்றால் முதலில் அதை இறக்குங்கள், அப்புறம் தைக்கலாம். கட்டிலோடு வந்த கையேட்டில் சட்டத்தின் மேல் எதுவும் போர்த்தக் கூடாது என்று இருந்தால், அதோடு விட்டுவிடுங்கள்.

என்ன துணி

குழந்தை கடிக்கப்போகும் துணி இது. பார்வைக்கு அழகாக இருப்பதைவிட, வாயில் நார் விடாமல் இருப்பது முக்கியம்.

மேல்துணிக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணிதான் என் தேர்வு. நல்ல ஃபிளானலும் சரிதான், ஆனால் முகத்தில் பஞ்சு மாதிரி மேலெழும்பி நிற்கும் மலிவான ஃபிளானல் நான்கு துவையலில் மணிமணியாகத் திரண்டுவிடும். டர்க்கி டவல் துணியை மேலே போடாதீர்கள். அதன் வளையங்கள் பல்லில் மாட்டி இழுபடும். ரோமம் மாதிரி மென்மையாக இருக்கும் மிங்கி துணியைக் கத்தரித்தாலே மேசையெல்லாம் இழையாகக் கொட்டும். அது வாய்க்கு வேண்டாம். ஃபிளீஸ் பிசிறாது என்பதால் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது எச்சிலை உறிஞ்சாது, ஈரம் மேலேயே நின்று கன்னத்தில் தேய்கிறது. பனியன் துணி இழுபடும், இறுக்கம் போய்விடும்.

துணி வாங்கும்போது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 முத்திரை (துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் சான்று) இருந்தால், அதில் முதல் வகுப்பு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று வயது வரையிலான குழந்தைகள் பயன்படுத்தும் பொருள்களுக்கான பிரிவு அது. முத்திரை இல்லாவிட்டால், சாயம் போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள், நிறம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம்.

நடுவில் வைக்க, பலமுறை துவைத்துப் பழகிய டர்க்கி டவல் ஒரு மடிப்பு போதும். கில்ட் தைக்கப் பயன்படுத்தும் பருத்திப் பஞ்சு விரிப்பும் நன்றாக இருக்கும். ஸ்பாஞ்ச் கூடவே கூடாது. மேல்துணி ஓரிடத்தில் ஓட்டையானால் ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். தலையணைக்கு அடைக்கும் உதிரிப் பஞ்சுக்கும் இதே கதிதான். தடிமனாக வைக்க வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். பல்லின் அழுத்தத்தைத் தாங்க அரை செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் உறை உருண்டு நகரும்.

அடித்துணி மேல்துணியேதான். எச்சில் மரத்துக்குப் போகாமல் இருக்க நடுவே நீர் புகாத துணி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அது காற்றோட்டத்தைத் தடுத்து ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதைவிட இரண்டு உறை தைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. பிளாஸ்டிக் தாள் மட்டும் எந்த அடுக்கிலும் வேண்டாம்.

இவற்றோடு பாலியஸ்டர் நூல், 90 அல்லது 100 எண் மெஷின் ஊசி, இஞ்சி டேப், சாக்பீஸ், நல்ல கத்தரிக்கோல், ஒரு நீளத் தாள், பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், அதை அழுத்தும் கைக்கருவி. தைக்க ஒரு பிற்பகல் போதும்.

அளவெடுப்பது

பாதி வேலை இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் நீளம். இரண்டு மூலைக்கால்களுக்கு நடுவே மேல்சட்டத்தின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதில் 2 செ.மீ. கழித்தால் வருவதுதான் உறையின் முடிந்த நீளம். சரியாக அதே நீளத்துக்குத் தைத்தால் இரண்டு முனையும் கால்களில் முட்டி மேலே தூக்கிக்கொள்ளும்.

அடுத்து அகலம். பலரும் தவறுவது இங்கேதான், நானும் முதல்முறை தவறினேன். சட்டத்தின் உள்பக்க உயரம், மேல் தடிமன், வெளிப்பக்க உயரம் மூன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினேன். தைத்து முடித்துப் போட்டால் உள்பக்கம் ஒரு செ.மீ. மரம் தெரிகிறது. துணியின் தடிமன் மூலைகளில் வளையும்போது அகலத்தைத் தின்றுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: நடுவில் வைக்கப்போகும் டவலின் ஒரு துண்டைச் சட்டத்தின் மேல் போர்த்துங்கள். அதற்கு மேல் டேப்பை வைத்து, உள்பக்க அடி விளிம்பிலிருந்து மேலேறி, வெளிப்பக்க அடி விளிம்பு வரை ஒரே ஓட்டமாக அளவெடுங்கள். தளர்வாக விடாமல் இழுத்துப் பிடியுங்கள். நடுவில் ஓரிடம், இரு முனைகளிலும் ஓரிடம் என மூன்று இடத்தில் அளங்கள். சில சட்டங்கள் நடுவில் பருத்திருக்கும்.

கணக்குப் புரிய ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சட்டத்தின் நீளம் 130 செ.மீ., உயரம் 5, தடிமன் 3. வெறுமனே கூட்டினால் அகலம் 13, டவல் துண்டு வைத்து அளந்தால் 14. முடிந்த உறை 128 × 14. சுற்றிலும் தையலுக்கு 1 செ.மீ. விட்டால் வெட்டவேண்டிய அளவு 130 × 16. உங்கள் கட்டிலின் எண்களை இதேபோல் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் பட்டைகளின் இடம். உறையின் உள்விளிம்பிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பட்டையும் சட்டத்துக்கு அடியில், இரண்டு குச்சிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்து, வெளிப்பக்கத் துணியின் மேல் பட்டனில் பூட்டிக்கொள்ளும். பட்டை குச்சியில் போய் மோதினால் உறை முழுவதும் கோணிக்கொள்ளும். இதை டேப்பால் கணக்குப் போடாதீர்கள். உறையின் நீளத்துக்கு ஒரு தாளை வெட்டி, சட்டத்தின் உள்பக்கம் ஒட்டவைத்து, எந்தெந்த இடைவெளியில் பட்டை வரவேண்டுமோ அதன் நடுவில் நேரடியாகக் கோடு போடுங்கள். தாளில் இடது, வலது என்றும் எழுதிவையுங்கள், குச்சிகளின் இடைவெளி இரு முனையிலும் ஒன்றாக இருக்காது. 130 செ.மீ. சட்டத்துக்கு ஏழு பட்டை சரியாக வரும். முனைகளில் இருக்கும் இரண்டும் ஓரத்திலிருந்து 5 அல்லது 6 செ.மீ.க்குள் இருந்தால் முனை தூக்காது.

துவைத்து வெட்டுவது

மேல்துணி, அடித்துணி, டவல் எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் சுடுநீரில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 130 செ.மீ.யில் 5 சதவீதம் என்றால் ஆறரை செ.மீ. தைத்த பிறகு அது சுருங்கினால் செய்ய ஒன்றுமில்லை. புதுத் துணியில் இருக்கும் கஞ்சியும் ரசாயனமும் இந்தத் துவையலில் போய்விடும். வாய்க்குப் போகும் துணிக்கு இதற்காகவே ஒரு துவையல் வேண்டும்.

உறையின் நீளம் துணியின் பாவு ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக வரட்டும். அந்தத் திசையில்தான் துணி குறைவாக இழுபடும். 110 செ.மீ. அகலமுள்ள துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் இரண்டு உறைக்கும் மேல்துணி, அடித்துணி, பட்டைகள் எல்லாம் கிடைத்துவிடும்.

ஒரு உறைக்கு மேல்துணி, அடித்துணி, டவல் மூன்றையும் 130 × 16 அளவில் ஒவ்வொன்று வெட்டுங்கள். டவலின் கரைக்கட்டு தடியாக இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். டவல் நீளம் போதவில்லையென்றால் இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து ஜிக்ஜாக் தையல் போட்டு இணையுங்கள். பட்டைகளுக்கு 8 × 9.5 செ.மீ. துண்டுகள் ஏழு. இந்த 9.5 எப்படி வந்தது என்றால், சட்டத்தின் அடியில் கடக்க 3, துணித் தடிமனுக்கு அரை, வெளிப்பக்கத்தில் ஏற 4, இரு முனையிலும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. உங்கள் சட்டம் தடிமனாக இருந்தால் அந்த 3-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

தைப்பது

பட்டையிலிருந்து தொடங்கலாம். துண்டை நல்லபுறம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்து, நீளப் பக்கமும் ஒரு முனையும் 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். முனையின் மூலைகளைச் சாய்வாக வெட்டி, திருப்பி, இஸ்திரி போட்டு, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். 3 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும். ஏழும் ஒரே நீளமா என்று அடுக்கிப் பாருங்கள்.

மேல்துணியை நல்லபுறம் மேலே இருக்க விரித்து, எந்த நீள விளிம்பு கட்டிலின் உள்பக்கம் வரும் என்று முடிவு செய்து சாக்பீஸால் குறியுங்கள். தாளை அந்த விளிம்பில் வைத்துப் பட்டைகளின் இடங்களைத் துணிக்கு மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: தாளைக் கட்டிலுக்குள் நின்று பார்ப்பதுபோல் வைத்துக் குறித்தோம், மேல்துணியின் நல்லபுறமும் கட்டிலுக்குள்தான் பார்க்கிறது, ஆகவே தாளில் எழுதிய இடதும் வலதும் அப்படியே இருக்கட்டும், திருப்பிவிடாதீர்கள். பட்டையின் திறந்த முனை விளிம்போடு பொருந்தியிருக்க, பட்டை துணியின் நடுவை நோக்கிப் படுத்திருக்க, அரை செ.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொன்றையும் இரண்டு முறை தைத்துவிடுங்கள். குழந்தை இழுக்கும் இழுப்பெல்லாம் இந்தத் தையலில்தான் வந்து விழும்.

இப்போது அடுக்குவது. மேசையில் முதலில் டவல், அதன்மேல் அடித்துணி நல்லபுறம் மேலே, அதன்மேல் மேல்துணி நல்லபுறம் கீழே. பட்டைகள் இரண்டு துணிக்கும் நடுவில் மறைந்திருக்கும். குண்டூசி குத்துவதோடு நிற்காமல் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். டவல் வழுக்கி நகரும், நீளமான துண்டில் அந்த நகர்வு கடைசியில் ஒரு சுருக்கமாக வந்து நிற்கும். மறந்துபோன ஒரு குண்டூசி உறைக்குள்ளேயே தங்கிவிடவும் கூடும். குண்டூசி பயன்படுத்தினால் எத்தனை குத்தினோம் என்று எண்ணி, எடுக்கும்போதும் எண்ணுங்கள்.

பட்டை இல்லாத நீள விளிம்பின் நடுவில் 15 செ.மீ. திறப்பு விட்டு, சுற்றிலும் 1 செ.மீ.யில் தையுங்கள். தையல் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும், திறப்பின் இரு முனையிலும் மெஷினைப் பின்னோக்கி ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். பட்டைகள் இருக்கும் இடங்களில் இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் தையலுக்கு வெளியே இருக்கும் டவலை மட்டும் 3 மி.மீ. விட்டு ஒட்ட நறுக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் விளிம்பு கயிறு மாதிரி தடித்து நிற்கும். மூலைகளைச் சாய்வாக வெட்டி, திறப்பு வழியாகத் திருப்பி, மொட்டையான குச்சியால் மூலைகளைத் தள்ளிவிட்டு, ஓட்டுத் தையலையெல்லாம் உருவிவிட்டு, நன்றாக இஸ்திரி போடுங்கள். திறப்பின் விளிம்புகளை உள்ளே மடித்து, சுற்றிலும் ஓரத்திலிருந்து 4 மி.மீ.யில் ஒரு தையல். திறப்பும் அதிலேயே மூடிவிடும். திறப்பு வெளிப்பக்க விளிம்பில் இருப்பதால் குழந்தையின் வாய் அங்கே போகாது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். இரட்டை நூலில் கெட்டித் தையலாக, 3 மி.மீ. இடைவெளிக்கு மேல் போகாமல். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் ஆகும், ஆனால் உறுதியில் குறைவிருக்காது.

மடிப்புக் கோடுகள்

இந்த ஒரு படியைத்தான் நான் மூன்றாவது உறையில் கண்டுபிடித்தேன், இது இல்லாமல் இனித் தைக்கவே மாட்டேன். உறையைச் சட்டத்தில் போர்த்தி, பட்டைகளை அடியில் நுழைத்து வெளியே இழுத்து, துணிக்கிளிப்பால் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பு உள்பக்கமும் வெளிப்பக்கமும் எங்கே வருகிறது என்று விரலால் அழுத்திப் பார்த்து, நீளம் முழுக்க சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். உறையைக் கழற்றி அந்தக் கோடுகளின் மேல் தையல் ஓட்டுங்கள், இங்கே தையல் நீளம் இரண்டரை மி.மீ.க்கு மேல் வேண்டாம். இந்த இடத்தில்தான் பல் படும். நீளமான தையலில் பல் மாட்டும்.

இந்த இரண்டு கோடும் மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்துவைக்கின்றன, டவல் துவையலில் சுருண்டு திரளாது. உறை அந்தக் கோட்டில் மடங்கிச் சட்டத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். போட்ட இடத்தில் அப்படியே உட்காரும்.

பூட்டுவது

முதல் உறைக்கு நாடா வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முடிச்சு தளர்ந்ததும் நுனிகள் தொங்கின, மகள் அதைப் பிடித்து வாயில் வைத்தாள். கட்டிலுக்குள் எட்டும் எந்தக் கயிறும் நாடாவும் கழுத்தைச் சுற்றக்கூடியது. 18 செ.மீ.க்கு மேல் நீளமான கயிறு உள்ள பொம்மையைக்கூடக் கட்டிலில் வைக்க வேண்டாம் என்பார்கள். அன்றே கழற்றிவிட்டேன். இரண்டாவதில் வெல்க்ரோ. நன்றாக இறுகியது, ஆனால் பதினோராவது மாதத்தில் அவள் சட்டத்துக்கு மேலாகக் கையைப் போட்டு, பட்டையின் நுனியைப் பிடித்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாவதில் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன். அது நின்றது.

பட்டன் வைக்கும் இடத்தையும் கட்டிலிலேயே குறியுங்கள். உறையைப் போட்டு, பட்டையை நன்றாக இழுத்துப் பிடித்து, அதன் நுனியிலிருந்து 1 செ.மீ. உள்ளே ஒரு துளை, அதே துளை நேராக அடியிலிருக்கும் உறைத் துணியிலும் வரட்டும். பட்டையில் ஒரு பாதி, துணியில் மறு பாதி. துணியில் அதற்கு 1.5 செ.மீ. மேலே இன்னொரு பட்டன் பாதியும் வையுங்கள். சில வாரங்களில் உறை கொஞ்சம் தளரும், அப்போது பட்டையை மேல் பட்டனுக்கு மாற்றினால் மறுபடி இறுகிவிடும்.

பட்டன் சிறிய பொருள், கழன்றால் தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் எது ஆபத்தான சிறு பொருள் என்று சோதிக்க அமெரிக்காவில் 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் அடங்குவதெல்லாம் ஆபத்து. நம் பட்டன் தாராளமாக அடங்கும். ஆகவே ஒவ்வொரு பட்டனையும் மாட்டியதும் விரலால் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். ஆடினால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஊசி நூலால் தைக்கும் டிச் பட்டனை இதற்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை, நூல் தேய்ந்தால் அது விழுந்துவிடும்.

போட்டபின் பார்க்க வேண்டியவை

எல்லாப் பட்டனையும் பூட்டிவிட்டு, உள்பக்கத்திலிருந்து உறையின் அடியில் இரண்டு விரலை நுழைக்கப் பாருங்கள். ஒரு விரல் சிரமப்பட்டு நுழைந்தால் சரி, இரண்டு விரல் எளிதாகப் போனால் தளர்வு. இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். பிறகு கட்டிலுக்குள் தலையை விட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து ஒருமுறை நோட்டம் விடுங்கள். தொங்கும் நூல் நுனி, பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே குழந்தையின் விரல் சிக்கும் கண்ணி, இவையெல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் முன்பக்க நீளச் சட்டத்துக்கு மட்டும் தைத்துப் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் குழந்தை ஆள் வரும் திசையைப் பார்த்து நின்றுதான் கடிக்கும். பக்கவாட்டுச் சட்டத்துக்குப் போனால் அதற்கும் இதே முறையில் சிறியதாக ஒன்று. மேல்சட்டம் வளைந்திருந்தால் தாளை ஒட்டி வடிவம் வெட்டிக்கொள்ள வேண்டும், நீளத்தை இரண்டு துண்டாகப் பிரித்துத் தைப்பது எளிது.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அல்லது தொட்டால் ஈரம் தெரியும்போதெல்லாம், உறையை மாற்றுங்கள். பட்டன்களைப் பூட்டியபடியே வாசனை சேர்க்காத சோப்பில் துவையுங்கள், மென்மையாக்கும் திரவம் வேண்டாம். டவல் அடுக்கு உள்ளே இருப்பதால் வெளியே காய்ந்தது போல் இருந்தும் நடுவே ஈரம் நிற்கும், அழுத்திப் பார்த்துவிட்டே போடுங்கள். கழற்றும்போது அடியிலிருக்கும் மரத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

தினமும் படுக்கவைக்கும் முன் கையால் ஒருமுறை உறையைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். தையல் விட்டிருந்தாலோ மேல்துணி மெலிந்து உள்ளே டவல் தெரிந்தாலோ, அன்றைக்கே அது கட்டிலை விட்டு வெளியே வரவேண்டும். ஒட்டுப் போட்டு மறுபடி போடாதீர்கள், ஒட்டின் ஓரத்தைத்தான் குழந்தை முதலில் பிய்க்கும்.

ஈறுக்கு உறை மட்டும் போதாது. பகலில் கடிக்கக் குளிரூட்டிய பல் வளையம் கொடுங்கள். உறைநிலையில் கல்லாக இருக்கக் கூடாது, சில்லென்று இருந்தால் போதும். பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஈறு ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது, அதே ஆண்டில் பல் வலிக்கென்று விற்கும் மணிமாலைகளைப் பற்றியும். கழுத்தில் மாலை போட்டபடி குழந்தையைத் தூங்கவைக்கவே வேண்டாம்.

குழந்தை சட்டத்தின் மேல் கால் போட்டு ஏற முயன்றாலோ, உயரம் 89 செ.மீ.யைத் தொட்டாலோ கட்டிலின் காலமே முடிந்தது. என் மகள் அதற்கும் முன்பே, பதினைந்தாம் மாதத்தில் கடிப்பதை விட்டுவிட்டாள். உறையைக் கடைசியாகக் கழற்றியபோது மடிப்புக் கோட்டுத் தையல் ஓரிடத்தில் மட்டும் நைந்திருந்தது. பழைய பல் தடங்களுக்கு மேலே புதிதாக எதுவும் இல்லை.